பாட்டுக்குப் பொருள் சொல்லும் மேடை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், நாடகத்திலும் இசையிலும் பண்பாட்டு வாழ்விலும் கவிதை என்ன செய்கிறது என்று பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் ஒரே வரியில் அடங்கிவிட்டது. பேசப் போனால் உலகத்தையே சுற்றி வரவேண்டும். ஒரு மணி நேரத்தில் உலகத்தைச் சுற்றுவதைவிட இருக்கிற ஊரைச் சுற்றுவது மேல். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ்ஸில் டிக்கெட் எடுத்து மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலூர், ராஜபாளையம் பஞ்சாலை ஊர். முன்னதற்குப் பால்கோவா, பின்னதற்கு நாய் என்று வெளியூர்க்காரர்கள் நம்மை முடித்துவிடுகிறார்கள். இந்த இரண்டு ஊர்களுக்குள் நின்றுகொண்டே கவிதை எப்படி மேடை ஏறியது என்று பேசிவிட முடியும். அதைத்தான் செய்யப் போகிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் ஒரு பாட்டைப் பாடிவிட்டால் வேலை முடிந்ததாக யாரும் நினைத்ததில்லை. பத்துப் பேர் முன்னிலையில் அதன் பொருளைச் சொல்ல வேண்டும், நடித்துக் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் அதற்காக வாதாட வேண்டும். அதற்குப் பிறகுதான் பாட்டு பாட்டாகும். உரை என்றால் நமக்கு அச்சுப் புத்தகத்தில் பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருப்பது ஞாபகத்துக்கு வருகிறது. இங்கே உரை என்பதே ஒரு கூத்தாக இருந்திருக்கிறது.

பெரியாழ்வாரிலிருந்து தொடங்குகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றாலே எல்லோரும் அவர் மகள் ஆண்டாளிடம் ஓடிவிடுகிறார்கள். தகப்பனார் நந்தவனத்தோடு நின்றுவிடுகிறார். திருப்பல்லாண்டையும் சேர்த்து அவர் பாடியவை 473 பாசுரங்கள். அவற்றில் பெரும்பகுதி என்ன என்று பாருங்கள். தாலாட்டு. நிலாவைக் கூப்பிடுவது. குழந்தையைச் சப்பாணி கொட்டச் சொல்வது. தளர்நடை நடக்கச் சொல்வது. முதுகுப்பக்கம் வந்து கட்டிக்கொள்ளச் சொல்வது. பிள்ளை பூச்சி காட்டிப் பயமுறுத்துவது. குளிக்க வா, பூச்சூட வா, கண்ணேறு படாமல் காப்பிட வா என்று கெஞ்சுவது. ஒவ்வொன்றிலும் ஒரு தாய் நிற்கிறாள், எதிரே ஒரு பிள்ளை இருக்கிறது, இருவர் உடம்பும் அசைகிறது. படித்தால் பாதிதான் கிடைக்கும். யாராவது கையை நீட்டிக் கூப்பிட வேண்டும். உந்தி பறத்தல் என்று ஒரு பதிகம். எதிரெதிரே நின்று விளையாடும் இரு பெண்களில் ஒருத்தி கண்ணன் பெருமையைப் பாட, மற்றவள் இராமன் பெருமையைப் பாடுகிறாள். பாடுகிறவர்கள் இரண்டு பேர், கட்சிகளும் இரண்டு. நாடகத்துக்கு வேறு என்ன வேண்டும்? பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்று பருவம் பருவமாக வகுத்த இலக்கியத்துக்கு இவர் பாடல்களில் வித்து இருக்கிறது என்பது நீங்கள் பாடத்தில் படித்ததுதான். பருவக் கணக்கைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்தக் கையசைவை யாரும் கேட்பதில்லை.

மகளுடையது வேறு வகை மேடை. திருப்பாவை முப்பதும் ஒரு கூட்டத்தின் குரல். வீடு வீடாகப் போய்த் தோழியரை எழுப்புகிறார்கள். ஒருத்தி தூங்குகிறாள், ஒருத்தி தூங்குவதுபோல் கிடக்கிறாள், ஒருத்தி சொன்ன வாக்கை மறந்தவள். பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளே படுத்திருப்பவளும் வெளியே நிற்பவர்களும் மாறி மாறிப் பேசிக்கொள்கிறார்கள். யார் எதைச் சொன்னார்கள் என்று பாட்டில் எழுதியிருக்காது. பாடுகிறவர்தான் குரலை மாற்றிக் காட்ட வேண்டும். வைணவ உரையாசிரியர்கள் அந்தப் பாசுரத்தைப் பிரித்து, இது வெளியிலிருந்து, இது உள்ளிருந்து என்று கூறுபோட்டுக் காட்டியிருக்கிறார்கள். நாடகக்காரன் செய்கிற வேலையை உரையாசிரியர் செய்திருக்கிறார்.

அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பது பாசுரத்துக்கும் மெட்டமைத்துத் திருப்பாவையைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். நாட்டையில் தொடங்கிச் சுருட்டியில் முடிகிற அந்த வரிசை இன்று மார்கழியின் அடையாளமாகிவிட்டது. எம்.எல். வசந்தகுமாரி குரலில் அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இந்த அவையில் பாதி இருக்கும். அந்த மெட்டுகள் இல்லாவிட்டால் திருப்பாவை இத்தனை வீடுகளுக்குள் போயிருக்காது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கச்சேரிப் பாட்டானதும் பதினைந்தாம் பாசுரத்தில் உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவர்களும் ஒரே குரலாகிவிட்டார்கள். ராகம் வந்தது, வாசற்கதவு போய்விட்டது. பாடகர்களைக் குறை சொல்லவில்லை. இசைமேடைக்கு ஏறும்போது பாட்டு எதை விட்டுவிட்டு ஏறுகிறது என்று கேட்கிற பழக்கம் கேட்பவர்களுக்கு வேண்டும் என்கிறேன்.

நாச்சியார் திருமொழி விஷயம் இதைவிடச் சிக்கல். 143 பாசுரங்கள், பதினான்கு பதிகங்கள். ஏறக்குறைய எல்லாமே யாரையோ பார்த்துப் பேசுவதுதான். மன்மதனிடம், சிற்றிலைச் சிதைக்க வருகிறவனிடம், குயிலிடம், சங்கிடம், மேகத்திடம், பிறகு வீட்டாரிடம். தனியாக நிற்கும் ஒருத்தி எதிரே ஆள் இருப்பதாக நினைத்துப் பேசும் பேச்சு. ஆறாம் பதிகம் தோழியிடம் சொல்லும் கனவு. ஆனைகள் சூழ மாப்பிள்ளை வருவதிலிருந்து பெண் கேட்டல், கூறை உடுத்தல், காப்புக் கட்டல், கைப்பிடித்தல், தீவலம், அம்மி மிதித்தல், பொரி இடுதல் என்று ஒரு கல்யாணம் முழுக்க வரிசையாக வருகிறது. வைணவக் கல்யாணங்களில் மாலை மாற்றி, தேங்காய் உருட்டி முடித்து அந்தப் பதிகத்தைச் சேவிக்கிறார்கள். பங்குனி உத்தரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது. கனவாகப் பாடியதை ஊர் நனவாக நடத்திக் காட்டுகிறது. இது பெரிய விஷயம்தான்.

ஆனால் கனவு முடிந்து விழித்த பிறகு அந்தப் பெண் என்ன பேசினாள் என்பதை எந்தக் கல்யாண மண்டபத்திலும் பாடுவதில்லை. ஏழாம் பதிகத்தில் சங்கிடம் பொறாமையோடு கேட்கிறாள். எட்டில் மேகத்தைத் தூது விடுகிறாள். பதின்மூன்றுக்கு வரும்போது அவள் கோபம் தன் உடம்பின்மீதே திரும்பிவிடுகிறது. கல்யாணத்தில் பாடுகிற பாட்டு அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடக மேடை எதற்கு இருக்கிறது? ஒரு சமூகம் மங்கலமானதைச் சடங்குக்கு எடுத்துக்கொண்டு, மங்கலமில்லாததை மேடைக்கு விடுவதுதான் வழக்கம். நாம் மேடைக்கும் மங்கலமானதையே எடுத்துக்கொண்டோம். ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் ஆண்டாள் சரித்திரத்தை நாட்டிய நாடகமாக்கினார். அதன்பின் எத்தனையோ நடனக் கலைஞர்கள் ஆண்டாளை எடுத்து ஆடியிருக்கிறார்கள். நான் பார்த்தவரை மாலையைச் சூடிக் கண்ணாடி பார்க்கும் இடமும் கல்யாணக் கனவும் எல்லாவற்றிலும் வருகின்றன. பதின்மூன்றாம் பதிகத்தை முழுதாக எடுத்து நிற்கிறவர் அபூர்வம்.

இனி, கோயிலில் அரையர்கள் பாசுரங்களைப் பாடி, அபிநயித்து, பொருள் சொல்லும் அரையர் சேவைக்கு வருகிறேன். இந்த உரையின் நடுப்பொருள் இதுதான். கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன்.

நாதமுனிகள் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களைத் திரட்டி இசையமைத்து, கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் என்ற தம் மருமக்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தார் என்பது வைணவ மரபு. அந்த வழியில் வந்த அரையர் சேவை தமிழ்நாட்டில் திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய மூன்று தலங்களிலும், கர்நாடகத்தில் மேல்கோட்டையிலும் நிலைத்திருக்கிறது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து இருபது நாளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அதைப் பார்க்கலாம். ஆடை அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தலையில் கூம்பிய குல்லாய், கழுத்தில் பெருமாளின் மாலை, கையில் தாளம். மத்தளம் கிடையாது, சுருதிப்பெட்டி கிடையாது, விளக்கொளி வித்தை கிடையாது. எதிரே முதல் பார்வையாளர் பெருமாளும் தாயாரும்; நாம் ஓரமாக நின்று எட்டிப் பார்க்கிறவர்கள்.

என்ன நடக்கிறது? முதலில் பாசுரத்தைத் தாளத்தோடு பாடுகிறார். அடுத்து அதே அடிக்கு அபிநயம் பிடிக்கிறார். அதே சொல்லுக்கு ஒரு தடவை ஒரு பொருளைக் காட்டுவார், மறுபடி பாடி இன்னொரு பொருளைக் காட்டுவார். பிறகு தம்பிரான்படி வியாக்கியானம். அரையர் குடும்பங்களில் வாய்மொழியாகவும் ஏட்டுச் சுவடியாகவும் வந்த உரை அது. வடமொழியும் தமிழும் கலந்த பழைய நடை. அதையும் சும்மா வாசிப்பதில்லை, ஒருவித ஓசையோடு சொல்கிறார். ஆகப் பாட்டு ஒன்று, அதற்கு உடம்பால் ஓர் உரை, வாயால் ஓர் உரை. பேராசிரியர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நாம் உரையாசிரியரைத் தமிழ்த்துறைக்கும் நடிகரை நாடகத்துறைக்கும் பாடகரை இசைத்துறைக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயிலில் மூவரும் ஒரே ஆள்.

முத்துக்குறி என்று ஒரு பகுதி உண்டு. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகப் பாசுரம் ஒன்றை ஒட்டியது. பெண் மெலிந்துபோகிறாள், தாய் பதறுகிறாள், குறி சொல்லும் கட்டுவிச்சியைக் கூப்பிட்டுக் கேட்கிறாள், அவள் முத்துகளைப் பரப்பிப் பார்த்து இது தெய்வத்தின்மேல் கொண்ட காதல் நோய் என்கிறாள். தாய், மகள், கட்டுவிச்சி மூன்று பேரும் ஒரே அரையர்தான். சேலை கட்டிக்கொள்வதில்லை, குரலைப் பெண்குரலாக்கிக் கொள்வதில்லை. குல்லாய் தலையில் இருக்கும்போதே அவர் தாயாகிறார். முகத்தைத் திருப்பினால் மகள். ஸ்திரீபார்ட் என்று வேடம் கட்டி ஆண்பிள்ளைகள் பெண்ணாக நடித்த பிற்கால நாடகத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே முதல் வேலையே உருவத்தை ஏமாற்றுவது. இங்கே ஏமாற்றே இல்லை. பெண் பாவனையில் ஆழ்வார் பாடினார், அந்தப் பாவனையை அரையர் தொடர்கிறார், அவ்வளவுதான். குறிக்குத் திரும்பினால், குற்றாலம் இங்கிருந்து ரொம்பத் தூரமில்லை. 18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடியபோது வசந்தவல்லிக்குக் குறி சொன்ன சிங்கிக்கும் இந்தக் கட்டுவிச்சிக்கும் நெருங்கிய உறவு உண்டு என்றே நினைக்கிறேன். சங்க இலக்கியத்துக் கட்டுவிச்சி, அரையர் கையில் முத்தெறியும் கட்டுவிச்சி, குற்றாலத்துச் சிங்கி. ஒரே குறிதான், மேடை மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

கேரளத்துக் கூடியாட்டத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். ஒரே சுலோகத்தை மணிக்கணக்காக விரித்து நடிக்கிற கலை அது. யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் அதைச் சிறப்பித்து அறிவித்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1949இல், பைங்குளம் ராம சாக்கியார் அதைக் கோயில் கூத்தம்பலத்துக்கு வெளியே கொண்டுவந்துவிட்டார். 1965இல் கலாமண்டலத்தில் பாடமாகியது. சாக்கியார் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களும் கற்றுக்கொண்டார்கள். அரையர் சேவைக்கு அப்படி நடக்கவில்லை. ஸ்ரீராம பாரதி போன்ற ஓரிருவர் அரையர் இசையான தேவகானத்தில் ஆழ்ந்து உழைத்து வெளியுலகுக்குச் சொன்னார்கள், அவர்களோடு நின்றது.

கோயிலைவிட்டு அரையரை வெளியே அழைத்துவந்து, சபாவில் டிக்கெட் போட்டு நிறுத்த வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சேவை என்பது சேவைதான். பெருமாள் இல்லாத இடத்தில் அது பாதி. ஆனால் சேவையை வெளியே கொண்டுபோவது வேறு, அதிலுள்ள கைத்திறனைக் கற்றுக்கொள்வது வேறு. ஒரு சொல்லுக்கு மூன்று பொருள் காட்டும் அந்த அபிநயமுறை, உரையை ஓசையோடு சொல்லும் அந்த நடை, குரல் மாற்றாமல் ஆள் மாறும் அந்த நுட்பம் இவற்றை நாடகம் பயிலும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தால் எந்த ஆகமமும் உடையாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் பாடிய பாசுரத்தை அபிநயிக்கிற உரிமை ஆண்வழிக் குடும்பங்களிடம் மட்டுமே இருக்கிறது. கோயிலுக்குள் அது மாறுமா என்பது கோயிலைச் சேர்ந்தவர்கள் பேச வேண்டியது. பள்ளியில் மாறாதிருக்க ஒரு காரணமும் இல்லை.

ஊரே நடிகராகிற இடமும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உண்டு. பகல்பத்துத் தொடக்கத்தில் ஆண்டாளும் ரங்கமன்னாரும் பெரியாழ்வார் வம்சத்தார் திருமாளிகைக்கு எழுந்தருளும்போது காய்கறிகளைப் பரப்பி வரவேற்கிறார்கள். பச்சை பரப்புதல் என்று பெயர். கல்யாணமாகிப் போன பெண் பிறந்தவீட்டுக்கு வருகிறாள், வெறுங்கையோடு வரவேற்கலாமா? இதற்கு வசனம் கிடையாது, எழுதி வைத்த நாடகமும் கிடையாது. ஆனால் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம் ஏற்றுக்கொள்கிறார்கள். யாரும் ஆண்டாள் வீட்டுக்கு அந்நியரல்லர். சித்திரையில் அவள் மாலை மதுரைக்குப் போய் அழகர் சூடிக்கொள்கிறார். புரட்டாசியில் திருமலைக் கருடசேவைக்குப் போகிறது. சூடிக்கொடுத்தாள் என்கிற ஒரு கதைவரி ஆண்டுதோறும் வண்டி ஏறிப் பயணம் செய்கிறது.

கோயிலைவிட்டுக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இறங்கினால் பங்குனி, சித்திரையில் அம்மன் கொடைகளில் ஸ்பெஷல் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் சத்தியவான் சாவித்திரியும். சுவாமிகள் 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். அவர் போட்ட பாட்டில்தான் தென்மாவட்டத்து மேடை இன்றும் நிற்கிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியம் மூன்றாம் ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். வள்ளியும் நாரதரும் எதிரெதிரே நின்றால் தர்க்கம் ஆரம்பம். ஒருவர் விருத்தம் பாடி அதற்குள் ஒரு கேள்வியை வைப்பார். மற்றவர் அதன் சொல்லைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கேட்பார். வேதாந்தம் வரும், உள்ளூர் அரசியல் வரும், பபூன் குறுக்கே வந்து எல்லாவற்றையும் கவிழ்ப்பார். விடிகிற வரைக்கும் கூட்டம் உட்கார்ந்து கேட்கிறதே, எதைக் கேட்கிறது? கதை எல்லோருக்கும் தெரியும். முருகன் வள்ளியைக் கட்டிக்கொள்ளப் போகிறான். பாட்டுக்கு இன்றைக்கு என்ன பொருள் வரப்போகிறது என்றுதான் கேட்கிறது. படித்தவர்கள் இந்தத் தர்க்கத்தை வாய்ச்சண்டை என்று ஒதுக்குகிறார்கள். பல நாள் அது வாய்ச்சண்டையாகவே முடிகிறது என்பதும் உண்மைதான். ஆனால் நல்ல இரண்டு பேர் வாய்த்த இராத்திரியில் அது அரையரின் வியாக்கியானத்துக்குப் பங்காளி.

இந்தப் பழக்கத்துக்குள் ஒரு திறனாய்வாளரும் பிறந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1882இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவர். திருநெல்வேலியில் அவரைச் சுற்றிக் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டமும் குற்றாலமும் அவரை எடுத்துக்கொண்டதால் நம் ஊர்க்காரர் என்பது நமக்கே மறந்துவிட்டது. வக்கீலுக்குப் படித்தார், சட்டமன்றத்தில் இருந்தார், அறநிலையத்துறை ஆணையராக இருந்தார். அதெல்லாம் கிடக்கட்டும். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, நிறுத்தி, இழுத்து, திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்கிறவர் தலையாட்டும் வரைக்கும் விடமாட்டாராம்; வட்டத்தொட்டியில் உட்கார்ந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்தால் தெரிவது இதுதான். கவிக்கு உருவம் உண்டு, அந்த உருவம் காதில்தான் பிடிபடும் என்பது அவர் கட்சி. புணர்ச்சி விதிப்படி ஒட்டிக்கிடந்த பாட்டுகளைச் சொல் சொல்லாகப் பிரித்து அச்சிட்டார், பண்டிதர்கள் கோபித்துக்கொண்டார்கள். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எழுந்த தமிழிசை இயக்கத்தில் ராஜாஜியோடும் கல்கியோடும் நின்றார். கேட்பவனுக்குப் புரியாத மொழியில் எவ்வளவு நல்ல சங்கீதம் பாடினாலும் பாட்டின் பாதி அவனுக்குக் கிடைக்கவில்லை என்பது அவருக்கு அரசியலாக அல்ல, ரசனையாகவே பட்டது.

அவரிடம் ஒரு பெரிய குறையும் உண்டு. தம் காதுக்குப் பிடிக்காத கம்பன் பாடல்களையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் பாடத்தையே திருத்தினார். நடிகன் தனக்குப் பிடிக்காத வசனத்தை வெட்டுவது போன்ற காரியம். மேடையில் அது செல்லும், பதிப்பில் செல்லாது. ஆனாலும் தமிழ்க் கவிதையைக் காதிலிருந்து படிக்க வேண்டும் என்று அவ்வளவு பிடிவாதமாகச் சொன்னவர் இன்னொருவர் இல்லை. அரையர் பாடுகிற ஊரில் பிறந்தவருக்கு அந்தப் பிடிவாதம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. அவருக்கும் அரையர் சேவைக்கும் நேர்த்தொடர்பு இருந்தது என்று நிறுவ வரவில்லை. ஒரே மண்ணின் பழக்கம் என்கிறேன்.

ராஜபாளையத்துக்கு வருவோம். இங்கே ராஜுக்கள் வீட்டுக்குள் தெலுங்கு, வீதியில் தமிழ். இரண்டு மொழிக்கும் பழகிய காது. தெலுங்கு நாட்டில் பத்ய நாடகம், அதாவது செய்யுள் நாடகம், என்று ஒன்று உண்டு. திருப்பதி வெங்கட கவிகள் எழுதிய பாண்டவர் நாடகங்களில் கிருஷ்ணன் ஒரு பத்யத்தை ராகம் போட்டு இழுத்து முடித்தால், கூட்டம் மறுபடி பாடச் சொல்லிக் கூச்சல் போடும். பாட்டை நின்று கேட்கும் ருசி நம்முடையது மட்டும் அல்ல.

அந்தத் தெலுங்கில் நம் ஊரும் பாட்டாகியிருக்கிறது. விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் கலிங்கப் படையெடுப்பின்போது ஸ்ரீகாகுளத்து ஆந்திர விஷ்ணு கனவில் வந்து, ஆண்டாள் திருமணத்தைத் தெலுங்கில் பாடு என்று சொன்னதாக ஆமுக்தமால்யதாவின் முகப்பில் எழுதுகிறார். தெலுங்கின் ஐந்து பெருங்காவியங்களில் ஒன்று அது. பல தேசங்களை வென்ற அரசன் எழுத உட்கார்ந்தால் வில்லிபுத்தூர் வாய்க்கால் கரையைத்தான் எழுதுகிறான். அதில் ஒரு காட்சி. விடியற்காலம். தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு வாத்துகள் கரையில் தூங்குகின்றன. காவற்காரர்கள் அவற்றை, குளித்துவிட்டுப் போன அந்தணர்கள் மறந்துவிட்ட ஈரத்துணி என்று நினைத்து, எடுத்துக் கொடுக்கலாம் என்று இறங்குகிறார்கள். வாத்துகள் விழித்து ஓடுகின்றன. நெல்வயலில் காவலிருக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். இதற்கு மேடை போட்டால் ஒரு நல்ல நகைச்சுவைக் காட்சி. நம் ஊரைப் பற்றி எழுதியது. நம் பள்ளிப் பிள்ளைகள் ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் காவியத்தைத் தமிழாக்கியவர் ராஜபாளையத்துக்காரர், மு.கு. ஜகந்நாத ராஜா. 1933இல் பிறந்து 2008இல் மறைந்தவர். தமிழ், தெலுங்கு, வடமொழி, பாகதம், பாலி என்று பல மொழிகளுக்குள் போய்வந்தவர். பாகதத்துக் காதா சப்தசதியையும் தமிழுக்குத் தந்தவர். ஆமுக்தமால்யதா மொழிபெயர்ப்புக்காக அவருக்குச் சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் கதையைத் தெலுங்கு அரசன் காவியமாக்க, பக்கத்து ஊர்க்காரர் அதைத் தமிழுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். பத்துக் கிலோமீட்டர் போக ஐந்நூறு ஆண்டு எடுத்துக்கொண்ட பாட்டு என்று சொல்லலாம்.

அதே காவியத்துக்குள் மாலதாசரி கதை இருக்கிறது. குறுங்குடிப் பெருமாளைப் பாடப் போகும் தாழ்த்தப்பட்ட குலத்துப் பாடகனைப் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்கிறான். பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போய், சொன்னபடி திரும்பி வருகிறான். அவன் பாட்டின் பலனால் ராட்சசன் விடுதலை பெறுகிறான். திருக்குறுங்குடியில் நம்பாடுவான் கதையாக, கார்த்திகைக் கைசிக ஏகாதசி இரவில் நாடகமாகவே நடிக்கப்பட்டுவந்தது இது. நடித்துவந்தவர்கள் கோயில்மரபைச் சேர்ந்த பெண்கள். நலிந்து கிடந்த அந்தக் கைசிக நாடகத்தை 1999இல் பேராசிரியர் சே. இராமானுஜமும் நடனக் கலைஞர் அனிதா ரத்னமும் மீட்டு மறுபடி கோயிலிலேயே நடத்தினார்கள். ஆண்டுதோறும் நடக்கிறது. முடியாது என்று சொல்பவர்களுக்கு நான் காட்டுகிற உதாரணம் இதுதான். ஊர், கோயில், நாடகக்காரர், ஆய்வாளர் நால்வரும் சேர்ந்தார்கள். கோயிலின் ஒழுங்கு கெடாமல் நாடகம் திரும்பி வந்தது.

இந்த ஊரில் இடத்துக்கும் பஞ்சமில்லை. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராகவும் ஒரிசா ஆளுநராகவும் இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தாம் வாழ்ந்த வீட்டையே கலைக்கென்று கொடுத்துவிட்டார்; காந்தி கலை மன்றம் அதுதான். முதலமைச்சர் வீடு நினைவில்லமாகிப் பூட்டிக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பாட்டுக்கென்று எழுதிக் கொடுத்தவரின் மனசு தனி.

அறக்கட்டளையாருக்கும் இந்தக் கல்லூரி முதல்வருக்கும் என் வேண்டுகோள்கள் சில. கையைக் கட்டிக்கொண்டு கேட்கிறேன். தம்பிரான்படி வியாக்கியானத்தை, அரையர் குடும்பத்தார் சம்மதத்தோடு, அவர்கள் குரலிலேயே பதிவுசெய்து வையுங்கள். ஏட்டை அச்சடித்தால் மட்டும் போதாது. கரிசல் ஊர்களில் தர்க்கம் செய்யத் தெரிந்த மூத்த ராஜபார்ட், ஸ்திரீபார்ட் கலைஞர்களை அழைத்து இந்தக் கல்லூரி மேடையில் ஓர் இரவு முழுக்க விடுங்கள். பன்னிரண்டு மணிக்கு மைக்கை அணைக்காதீர்கள். எம்.ஏ. தமிழ் மாணவர்களுக்கு நாச்சியார் திருமொழியைப் பாடமாக வைத்திருந்தால், தேர்வில் ஒரு பகுதியை வாயால் சொல்லிக் காட்டும் தேர்வாக மாற்றுங்கள். பதின்மூன்றாம் பதிகம் உட்பட. மாணவியர் அதைச் சொல்லும்போது ஆசிரியர்கள் நெளியக்கூடாது.

மாணவர்களுக்கு ஒன்று. மார்கழியில் பகல்பத்து வரும். விடுமுறை நாளாகப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போங்கள். அரையர் பாடுகிற இடத்தில் முன்வரிசையில் முதியவர்கள் இருப்பார்கள், தள்ளாதீர்கள். முதல் நாள் ஒன்றும் புரியாது. கையில் பாசுரப் புத்தகம் இருந்தால் இரண்டாம் நாள் பாதி புரியும். செல்பேசியில் படம் எடுக்க அங்கே அனுமதி இல்லை என்றால் எடுக்காதீர்கள். காதால் கேட்டுக்கொண்டு வாருங்கள். பஸ் கட்டணம் ஒரு டீ காசுக்கு மேல் போகாது.